மீனாட்சிக்குக் கண் எழுதிய கதை

பாட்டி ரஜூலா கப்பலில் பினாங்கு வந்தபோது கூடவே வந்தவள் எங்கள் வீட்டு மீனாட்சி. பண்ருட்டிக் களிமண் பொம்மை, ஒரு சாண் உயரம். போன நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன் கொலுப் பெட்டியைத் திறந்தால், ஒரு கண் அழிந்திருந்தது.

"நான் சரி பண்றேன்மா" என்று வீட்டிலிருந்த எனாமல் சாயத்தைத் தடவினேன். முகம் வழிந்தது. பதறிப்போய் டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பழைய சாயமும் சேர்ந்தே வந்துவிட்டது. அம்மா திட்டவில்லை. "பரவாயில்ல, ஓரமா வச்சிடலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

வானொலியில் என்னோடு வேலை செய்யும் சீன நண்பர் ஒருவர் வார்ஹாமர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவர். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் தயாரிப்பு அவை. கற்பனை உலகப் போர்வீரர்கள். பல பொம்மைகள் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. இந்தப் பித்து புதிதல்ல. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913லேயே பொம்மைச் சிப்பாய்ப் போருக்கு விதிகள் எழுதி நூலாக வெளியிட்டார்.

"கெடுத்த முகத்திலேயே பழகாதே" என்று நண்பர் பத்து ஓர்க் அரக்கர்களைக் கையில் கொடுத்தார். பத்து இரவுகள், சாப்பாட்டு மேசையில் ஜார்ஜ் டவுன் உறங்கிய பிறகு பயிற்சி.

கற்றது இதுதான். முதலில் பிரைமர் பூச்சு. அதுதான் சாயத்தைப் பிடித்து நிறுத்தும். அக்ரிலிக் சாயத்தில் தண்ணீர் கலந்து, தடிப்பாக ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு பூச்சு. நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டால் மடிப்புகளில் தங்கி நிழலாகும். தூரிகையைத் துணியில் துடைத்து, மிச்சமிருக்கும் சாயத்தை மேடுகளில் உரசினால் வெளிச்சம் விழும். கண் வரையும்போது இரண்டு மணிக்கட்டும் மேசை விளிம்பில் ஊன்றியிருக்க வேண்டும். கருவிழி மேல் இமையையும் கீழ் இமையையும் தொட வேண்டும். நடுவில் தனிப் புள்ளியாக நின்றால் பொம்மை திடுக்கிட்டு முழிக்கும்.

பதினோராவது இரவு மீனாட்சியை எடுத்தேன். புடவையையும் கிளியையும் தொடவில்லை. பாட்டி பார்த்த நிறம் அங்கேயாவது இருக்கட்டும். முகம் மட்டும். நம் சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பதுபோல நானும் கண்ணைக் கடைசிக்கு வைத்தேன்.

காலையில் அம்மா நெடுநேரம் பார்த்தார். "உதடு இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்கும்" என்றார். பிறகு எடுத்துப்போய்ப் படியின் நடுவில் வைத்தார்.

உதட்டின் பழைய சிவப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. இந்த ஆண்டு கொலு வைக்கும் முன், உங்கள் பொம்மைகளின் முகத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு தூரிகையைத் தொடலாம்.