மூன்றெழுத்தில் ஒரு பெருங்குடும்பம்

அந்நிய பாஷை ஒன்றைக் கற்கப் புகுவோர் அதன் நீண்ட பதங்களைக் கண்டே அஞ்சுவர் என்று சாமானியமாக நாம் எண்ணுகிறோம். ஆனால் ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர்களைச் சற்றுக் கூர்ந்து கவனித்தால், ஐந்தாறு அசைகள் கொண்ட கடுமையான சாஸ்திரப் பதங்களை ஒருமுறை அகராதியில் பார்த்துவிட்டுச் சுலபமாக மனத்தில் இருத்திக்கொள்ளும் அவர்கள், ஆரம்பப் பள்ளியிலேயே அறிமுகமாகிவிட்ட ‘செட்’, ‘ரன்’, ‘புட்’, ‘கெட்’ முதலிய ஓரசைச் சொற்களிடத்தில்தான் வயது வந்த பின்னும் இடறுகிறார்கள் என்பது விளங்கும். நீண்ட பதத்துக்குப் பெரும்பாலும் ஒரே தொழில். குறுஞ்சொல்லுக்கோ தொழில்கள் அநேகம். அவற்றுள் மிகவும் பிரசித்தி பெற்றதாகிய ‘செட்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு இத்தனை அர்த்தங்கள் எவ்விதம் வந்து சேர்ந்தன என்பதை இங்கே ஆராய்வோம்.

லண்டன் மொழிநூற் சங்கத்தார் 1857-இல் செய்த ஆலோசனையில் கருக்கொண்டு, 1879 முதல் ஜேம்ஸ் மர்ரே என்னும் பேரறிஞரின் தலைமையில் வளர்ந்து, 1915-இல் அவர் காலமான பின்னும் சகாக்களின் உழைப்பால் தொடர்ந்து, 1928-இல் முற்றுப்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில், வேறெந்தச் சொல்லுக்கும் கிடைக்காத அளவு இடம் இந்தச் சொல்லுக்குக் கிடைத்தது. வினைச்சொல்லாக அது கொள்ளும் பொருள்களை மட்டும் பதிப்பாசிரியர்கள் 154 பெரும் பிரிவுகளாக வகுத்தார்கள்; அவற்றுள் கடைசியாகிய ‘செட் அப்’ என்பதன் உட்பிரிவுகளுக்கு எழுத்தடையாளம் இடப் புகுந்தபோது, ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளும் தீர்ந்துபோய், இரட்டை எழுத்துகளாக மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, இரட்டை ‘ஆர்’ வரை செல்ல நேர்ந்தது. 20 தொகுதிகளாக 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலோ, இந்த ஒரு வினைச்சொல்லின் விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்களில், 430 பொருள்களுக்குக் குறையாமல் விரிந்தது. நடுத்தரமான நாவல் ஒன்றின் அளவு அது.

இவ்வளவு பெரிய விருட்சத்துக்கு வித்து மிகவும் எளியது. ‘இரு’ என்னும் தன்வினையிலிருந்து ‘இருத்து’ என்பதும், ‘நில்’ என்பதிலிருந்து ‘நிறுத்து’ என்பதும் பிறவினையாகப் பிறப்பது நாமறிந்த இலக்கணம். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் தாயாகிய பழைய ஜெர்மானிய மொழியிலும் அதே முறைதான் இருந்தது. உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ தன்வினை. உட்காரச் செய்தலைக் குறிக்கும் ‘செட்’ அதன் பிறவினை. ஒரு பொருளை அல்லது ஓர் உயிரை அதற்குரிய ஸ்தானத்தில் அமர்த்துதல் என்ற இந்த ஒரே கருத்தைக் கையில் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் நூற்றுக்கணக்கான பிரயோகங்களில் பெரும்பாலானவை அதிலிருந்து படிப்படியாகக் கிளைத்தவை என்பதை எவரும் கண்டுகொள்ளலாம்.

தொழிலாளர்களுடைய வாயில் இச்சொல் அடைந்த வளர்ச்சியே எல்லாவற்றிலும் ரசமானது. பொற்கொல்லன் வைரத்தை மோதிரத்தில் பதிப்பதும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பதும், வைத்தியர் முறிந்த எலும்பை மீண்டும் பொருத்துவதும், மாலுமி காற்றுக்கு ஏற்றபடி பாய் விரிப்பதும், இசைப் புலவர் ஒரு கவிக்கு மெட்டு அமைப்பதும் ‘செட்’ என்றே சொல்லப்படும். தச்சன் தன் ரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக வலப்புறமும் இடப்புறமும் சிறிது வளைத்துவிடுகிறான். அறுக்கும் வழி ரம்பத்தின் தகட்டைவிட அகலமாகி, தகடு மரத்தில் சிக்கிக்கொள்ளாமல் ஓடுவதற்காகச் செய்யும் காரியம் அது. அதற்கும் இதே சொல்தான். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று அதற்குரிய இடத்தில், உரிய கோணத்தில் அமர்த்தப்படுவதைக் காண்கிறோம்.

இவ்விடத்தில் நம் மொழியின் ‘வை’ என்னும் ஓரெழுத்துச் சொல்லை நினையாமல் இருக்க முடியவில்லை. கோழியை அடை வைக்கிறோம், கண்ணி வைக்கிறோம், நெருப்பு வைக்கிறோம், கடிகாரத்துக்கு மணி வைக்கிறோம், பொருளுக்கு விலை வைக்கிறோம், பரீட்சை வைக்கிறோம், ஒன்றின்மேல் மனம் வைக்கிறோம். இவை அத்தனையையும் ஆங்கிலேயர் ‘செட்’ என்ற அந்த ஒரு சொல்லாலேயே சொல்வர். ஒன்றையொன்று அறியாமல் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வளர்ந்த இரண்டு மொழிகள், ஒரு சிறு செயலைக் குறிக்கும் சொல்லை ஏறக்குறைய ஒரே பாதையில் இவ்வளவு தூரம் அழைத்துச் சென்றிருப்பது எனக்கு எப்போதும் பேராச்சரியத்தை விளைவிக்கும் விஷயம். பாதை பிரியும் இடங்களும் உண்டு. பிள்ளைக்குப் பெயர் வைப்பதையும் அடுப்பில் குழம்பு வைப்பதையும் ஆங்கிலச் சொல் சொல்லாது. அதுபோலவே, சூரியன் அஸ்தமிப்பதை நம் ‘வை’ சொல்லாது.

அஸ்தமனத்துக்கும் அமர்த்துதலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பழைய ஆங்கிலத்தில் மாலைப்பொழுதைச் சூரியன் தன் இருக்கைக்கு ஏகும் வேளை என்று பொருள்படும் தொடரால் குறித்தார்கள்; பகலெல்லாம் நடந்தவன் போய் அமர்கிறான். இதே வழியில் இன்னும் ஓர் அடி சென்றால், கரைத்து ஊற்றிய சிமெண்டு இறுகுவதும், உறை ஊற்றிய பால் தயிராகத் தோய்வதும் விளங்கிவிடும். அசைந்துகொண்டிருந்தது அசைவற்று அமர்ந்துவிடுகிறது. மாறாத கொள்கை, இறுகிய முகம், குறித்த நேரம் என்பவற்றுக்கு இச்சொல் அடைமொழியாவதும் அதனால்தான்.

பெயர்ச்சொல்லாக வரும் ‘செட்’டின் கதை வேறு. தேநீர்க் கோப்பைகளின் தொகுதியையும், ஒத்த இயல்புடைய மனிதர்களின் கூட்டத்தையும், கணித சாஸ்திரத்தில் நாம் கணம் என்று வழங்குவதையும் குறிக்கும் சொல், உட்காருதலோடு பிறப்பால் உறவற்றது. பின்பற்றுவோர் கூட்டம் என்று பொருள்படும் ‘செக்டா’ என்ற லத்தீன் பதம் பழைய பிரெஞ்சின் வழியாக உருத்தேய்ந்து ஆங்கிலத்தில் புகுந்து, அங்கே ஏற்கெனவே இருந்த வினைச்சொல்லோடு உருவத்தில் ஒன்றாகிவிட்டது. ஒன்றானபின் அர்த்தங்களும் ஒன்றோடொன்று கலந்தன. நம்மிடமும் ‘வைத்தான்’ என்பதற்கும் ‘வைதான்’ என்பதற்கும் பகுதி ‘வை’யே ஆயினும், அவை இரு வேறு சொற்கள் என்பதை மறப்பதில்லையே.

அதிகமாக வழங்கும் சொல்லுக்கே அதிகப் பொருள் என்பது ஊகம் மாத்திரம் அன்று. ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் என்னும் அமெரிக்க அறிஞர் 1945-இல் இதைக் கணக்கிட்டு, ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை அச்சொல் வழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது என்று காட்டினார். அதாவது, மற்றொன்றைவிட நூறு மடங்கு அதிகமாக வழங்கும் சொல்லுக்குச் சுமார் பத்து மடங்கு பொருள்கள் இருக்கும். இது இவ்வாறிருக்க, நம் பள்ளிகளில் ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று என்று பட்டியலிட்டு நெட்டுருப் பண்ணச் செய்யும் வழக்கம் இன்னும் ஒழியாதது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. நீண்ட பதங்களுக்கு அந்த முறை ஒருவாறு உதவும், ‘செட்’டுக்கு உதவாது. இறந்த காலத்திலும் நிகழ்காலத்திலும் உருமாறாத இச்சொல்லை, வாக்கியத்துக்கு வெளியே தனியே நிறுத்திக் குழந்தையிடம் காட்டி அர்த்தம் கேட்பது அக்குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

பொருளைத் தெளிந்துகொள்ளும் உபாயத்தைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே வகுத்துவிட்டார்: பல பொருள் தரும் ஒரு சொல், உடன்வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்படும் என்பது அவர் கருத்து. ‘மா’ என்னும் சொல், பூத்தது என்றால் மரமாகவும் ஓடிற்று என்றால் விலங்காகவும் கொள்ளப்படும். ஆங்கிலச் சொல்லுக்கும் இதே விதி பொருந்துகிறது. சூரியன் அருகே இருந்தால் அஸ்தமனம், எலும்பு அருகே இருந்தால் சிகிச்சை, பாய்மரம் அருகே இருந்தால் பிரயாணம். ஆசிரியர்கள் கையாள வேண்டிய முறையும் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பொருள்களின் எண்ணிக்கையில் ‘செட்’ வகித்த முதலிடம் பிற்பாடு ‘ரன்’ என்னும் சொல்லுக்குப் போய்விட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் திருத்திய பதிப்புக்காக அச்சொல்லை ஏற்றுக்கொண்ட பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியாசிரியர் சுமார் ஒன்பது மாதங்கள் அது ஒன்றிலேயே ஈடுபட்டு, வினையாக மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். 2011-இல் அது வெளிவந்தது. இயந்திரங்களும் ரயில்களும் கணினிகளும் ஓடத் தொடங்கிய யுகத்தில் ஓடும் சொல் அமரும் சொல்லை முந்திவிட்டது இயல்பே.

நம் நாட்டிலோ ‘செட்’டின் வளர்ச்சி நிற்கவில்லை. கலியாண வீட்டு மைக் செட், கிணற்றடியில் பம்ப் செட், சினிமாக்காரர் போடும் செட், சிற்றுண்டிச் சாலையில் செட் தோசை, ஒரே ஆண்டில் படித்து வெளிவந்தோர் தம்மை ஒரு செட் என்று சொல்லிக்கொள்ளுதல் எனப் பெயர்ச்சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. செட்டாகக் குடித்தனம் நடத்துவது என்பதில் சிக்கனத்தைக் குறித்து வரும் நம் பழந்தமிழ்ச் சொல்லோடு இதற்கு உறவில்லை. இன்னும் கவனிக்கத்தக்கது, இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால் அவர்களுக்குள் ‘செட் ஆகவில்லை’ என்று இளைஞர்கள் சொல்வது. மேலங்கி ஒன்று உடம்புக்குப் பொருந்தி அமைவதை ஆங்கிலத்தில் இச்சொல்லால் கூறும் பழைய வழக்கு உண்டு. இரண்டு மனிதர்களின் சுபாவம் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கூறியது தமிழர் தாமே செய்துகொண்ட பிரயோகம். எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் எழுத்தில் அது முதலில் வந்தது என்று மர்ரேயின் முறைப்படி தேடி எழுதிவைக்க வேண்டிய பொறுப்பு தமிழ் அகராதியாசிரியர்களுடையது.