வெயிலில் சரக்கைப் படம் எடுப்பது எப்படி?

சேதமான சரக்குக்கு நஷ்ட ஈடு கேட்டால், லாரி ஆபீசாரும் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் போட்டோ கேட்கிறார்கள். நம்மவர்கள் கொடுக்கும் படங்கள் பலவற்றில் சர்க்கரை மூட்டை சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்துக் கிடக்கிறது. நனைந்த கறையும் தெரிவதில்லை, மார்க்காவும் தெரிவதில்லை. அதைக் காட்டி என்ன கேட்க முடியும்?

லாரியின் உட்பக்கம் இருட்டு. கதவோரத்து மூட்டை மேல் சுள்ளென்று வெயில். ஆட்டோமேட்டிக்கில் விட்ட கேமரா இருட்டையும் சேர்த்துச் சராசரி போட்டு, தேவைக்கு மேல் ஒளியை உள்ளே விட்டுவிடுகிறது.

ஒளியின் அளவைக் கட்டுப்படுத்துபவை இரண்டு: லென்சில் உள்ள துவாரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம். (நம் கடை ஷட்டர் போலத்தான், ஆனால் கண் இமைப்பதற்குள் மூடிவிடும்.) எண்ணெய் டிரம்மில் ஒரு லிட்டர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை அகலத் திறந்தால் சீக்கிரம் நிறையும், குறைத்துத் திறந்தால் நேரம் பிடிக்கும். அளவு ஒன்றுதான். துவாரத்தின் எண்தான் புதியவர்களைக் குழப்பும். எஃப் 16 சிறிய துவாரம், எஃப் 5.6 பெரிய துவாரம். மிளகாய்த்தூள் சல்லடையில் மெஷ் நம்பர் கூடினால் கண் சிறுக்கிறதல்லவா, அது போல.

பிலிம் காலத்துப் போட்டோகிராபர்கள் மீட்டர் இல்லாமலே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஷட்டரை ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நொடியில் 125-ல் ஒரு பங்கு. எஃப் 11-க்கு 250, எஃப் 8-க்கு 500, எஃப் 5.6-க்கு 1000 என்று ஜோடியை மாற்றினாலும் உள்ளே வரும் ஒளி அதே அளவுதான். மெல்லிய மேகம் மூடினால் 125-ஐ மாற்றாமல் எஃப் 11 வைக்கலாம்.

எந்த ஜோடி வேண்டும் என்பது சரக்கைப் பொறுத்தது. லாரி நம்பரும், இறக்கி வைத்த மூட்டை வரிசையும் ஒரே படத்தில் தெளிவாக விழ எஃப் 16 அல்லது 11 நல்லது. சிறு துவாரத்தில் கிட்டே இருப்பதும் தள்ளி இருப்பதும் சேர்ந்து தெளியும். லோடுமேன் முதுகில் கிழிந்த மூட்டையிலிருந்து பருப்பு கொட்டுவதைப் பிடிக்க 500 அல்லது 1000 வேண்டும். லாரியின் உட்பக்கம் இந்தக் கணக்கில் கறுத்துத்தான் போகும். அதற்குத் தனிப்படம் எடுங்கள்.

படத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, லாரிக்காரர் மேல் வழக்குப் போட வேண்டுமானால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

செல்போனில் பெரும்பாலும் துவாரத்தை மாற்ற முடியாது. எஃப் 1.8 போல அகலமாகவே இருக்கும். ஆகவே வெயிலில் ஷட்டர் நொடியில் சுமார் 8000-ல் ஒரு பங்கு வரை ஓட வேண்டியிருக்கும். திரையில் மூட்டையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போன் அதைச் செய்துகொள்ளும். வெயிலில் திரை சரியாகத் தெரியாது. நிழலுக்குப் போய், படத்தைப் பெரிதாக்கி மார்க்காவைப் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே லாரியை அனுப்புங்கள்.