கரிசல் மண்ணில் உலர்களம்: மேஸ்திரியிடம் வேலை கொடுக்கும் முன் குழி தோண்டிப் பாருங்கள்

பெரம்பலூர் மாவட்டத்தில் தை, மாசியில் மக்காச்சோளம் அறுவடையானால் பாதி தார்ச்சாலை நமக்குக் களமாகிவிடும். இரு சக்கர வாகனம் சறுக்கி விழுகிறது, லாரி ஏறி மணி நொறுங்குகிறது, இரவில் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்காவிட்டால் வியாபாரி விலையைக் குறைப்பார். மூட்டையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் சொந்தக் களம் கட்ட நினைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள்.

நான் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன். மானாவாரி நிலமும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் வேப்பூர் பக்கம் ஒரு விவசாயிக்கு 1,000 சதுர அடியில் களம் போட்டுக் கொடுத்தேன். வீட்டுத் தளம் போடுவதுபோல மேல் மண்ணைச் செதுக்கி, ஜல்லி விரித்து, 4 அங்குலம் கான்கிரீட். ஆனி மாதம், காய்ந்து வெடித்துக் கிடந்த கரிசல். ஐப்பசி மழையில் மண் உப்பியது. ஓரங்கள் தூக்கின. தை மாதம் மக்காச்சோளத்தைக் கொட்டியபோது விரிசலுக்குள் மணி மணியாக இறங்கியது. கூலி என் பொறுப்பு, சிமென்ட் அவர் பொறுப்பு என்று பேசிப் பாதியை உடைத்து மறுபடி போட்டோம். அந்த ஆண்டு எனக்கு லாபம் என்று எதுவும் நிற்கவில்லை. அவருக்கும் ஒரு பருவம் போனது.

அதிலிருந்து முதல் வேலையே குழி தோண்டிப் பார்ப்பதுதான். 4 அடி ஆழம் போதும். செம்மண்ணோ சுக்கானோ வந்தால் கவலை குறைவு. கரிசலாக இருந்தால் குறைந்தது 2 அடி மண்ணை எடுத்துவிட்டு கிராவல் நிரப்ப வேண்டும். மணல் நிரப்பினால் போதும் என்பார்கள், கூடாது. கரிசலுக்குள் மணல் குழி என்பது தொட்டி மாதிரி, மழைத் தண்ணீர் அதில் இறங்கி நிற்கும். கிராவலை அரை அடி, அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு அடித்து, தரை மட்டத்துக்கு மேல் அரை அடி உயர்த்த வேண்டும். 1,000 சதுர அடிக்கு இது 2,500 கன அடி, அதாவது இறுகிய நிலையில் 25 யூனிட். உதிரியாக இன்னும் கூடுதலாக இறக்க வேண்டும். பலர் தயங்குவது இந்தச் செலவுக்குத்தான். ஆனால், களம் நிற்பதும் இதில்தான்.

அதன் மேல் ஒன்றரை ஜல்லியில் 3 அங்குலம் அடித்தளம். பிறகு முக்கால் ஜல்லி, எம்-சாண்ட் சேர்த்து 1:1½:3 கலவையில் 4 அங்குலக் கான்கிரீட். இந்த மேல்தளத்துக்கு மட்டும் 1,000 சதுர அடிக்குச் சுமார் 75 மூட்டை சிமென்ட், எம்-சாண்ட் ஒன்றரை யூனிட், ஜல்லி 3 யூனிட் ஆகும். அரியலூரில் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன, நம் பக்கம் கிரஷர்களும் இருக்கின்றன. பொருளுக்கு அலைய வேண்டியதில்லை.

மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். கலவை இளகினால் இழுத்துவிட எளிது என்று ஆட்கள் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப் போட்ட தளம் பொடி உதிரும். அந்தப் பொடி மணியோடு கலந்தால், தூசி என்று எடையில் கழிப்பார்கள். 10 அடிக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று போட்டு, இடைவெளியில் தார் ஊற்ற வேண்டும். 10 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் இருக்கட்டும். களிமண்ணால் பாத்தி கட்டி 10 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். இந்த வேலையை மேஸ்திரியை நம்பி விடாதீர்கள். நாங்கள் அடுத்த வேலைக்குப் போயிருப்போம்.

பங்குனி, சித்திரைதான் ஏற்ற காலம். ஆடிக்குப் பிறகு விதைப்பு, தையில் கதிர் ஒடிப்பு என்று சித்தாள்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சோளம் விற்றதும் தருகிறேன்" என்று எங்களிடம் சொல்லாத விவசாயி குறைவு. ஆனால், ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் மேஸ்திரி உங்கள் முன்பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவார், அல்லது மூட்டையைக் குறைப்பார். கூலி ஒப்பந்தம் மட்டும் பேசி, பொருளை நீங்களே வாங்கிக் கொடுப்பது இருவருக்கும் நல்லது. பள்ளம் எடுத்ததும் ஒரு பங்கு, கிராவல் இறுகியதும் ஒரு பங்கு, கான்கிரீட் முடிந்ததும் ஒரு பங்கு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மண்ணை எத்தனை அடி எடுப்பது, கான்கிரீட் எத்தனை அங்குலம், விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும்.

கடைசியாகப் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். ஐப்பசி மழை ஒன்று நன்றாகப் பெய்து, களத்தின் ஓரம் தூக்கவில்லை என்று பார்த்த பிறகு கொடுக்கலாம். நான் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன்.