டெண்டுக்குள் மழை பெய்த கதை

ஜனவரி மாதம் நாலு பேர் காசு சேர்த்து வாங்கிய புது டெண்டைக் கொடைக்கானலில் தெரிந்தவர் தோட்டத்தில் போட்டுப் பார்த்தோம். (அனுமதி இல்லாமல் காட்டுக்குள் தங்கக் கூடாது.) இடம் மரத்தடி. 7000 அடி உயரத்தில், மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும். மரத்தடியில் அவ்வளவு இல்லை. கிளைகள் வெப்பத்தில் கொஞ்சம் திருப்பித் தருகின்றன.

விடியற்காலை உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "ஓட்டை டெண்டுடா!" என்று ஒருத்தன் கத்தினான். ஓட்டையே இல்லை, எல்லாம் நம்ம மூச்சு! ஒரு ராத்திரிக்கு ஒரு ஆள் விடும் ஈரம் ஒரு டம்ளருக்கு மேல். அது குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. எங்கப்பா கட்டுகிற பந்தலில் இது வராது, நாலு பக்கமும் திறப்பு. டெண்டிலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். தரையும் உடம்புச் சூட்டை இழுக்கும். அடியில் கனமான பாய் அவசியம்.

குளிருதே என்று கரிச்சட்டியை மட்டும் உள்ளே கொண்டு போகாதீர்கள். புகை அடங்கிய கரியிலும் கார்பன் மோனாக்ஸைடு வரும். வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜன்னல் திறந்திருந்தாலும் நம்பக் கூடாது. வெளியே கை காய்ந்துவிட்டு, சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் படுங்கள்.