மலை ஏறாத ‘மலைவாழ் மக்கள்’

மாசி மகம் வந்தால் மாமல்லபுரம் கடற்கரையில் திடீரென்று ஓர் ஊர் முளைத்துவிடும். பழைய சேலையும் தார்ப்பாயும்தான் வீடு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களிலிருந்தும் வரும் இருளர் குடும்பங்கள் பௌர்ணமி இரவை அங்கேயே கழிக்கின்றன. விடிந்ததும் ஈர மணலைக் குவித்து ஏழு படி வைத்து, கொம்பு நட்டு, கன்னியம்மாளுக்குப் படையல். அந்தக் கையோடு பெண் பார்ப்பார்கள், நிச்சயம் செய்வார்கள், தாலியும் கட்டுவார்கள். கல்யாண மண்டபம் கிடையாது. கூடியிருக்கும் சொந்தபந்தமே சபை.

அந்தக் கடற்கரையில் யாரும் யாரிடமும் ‘நீ இருளர் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ என்று கேட்பதில்லை. ஊர் திரும்பியதும் கேட்கிறார்கள்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் சிறு சிறு குடியிருப்புகளாக இருளர்கள் வாழ்கிறார்கள். அரசுப் பட்டியலில் இவர்கள் பழங்குடியினர். தமிழகத்தில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளவை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும் ஆறு பழங்குடிகளில் இருளரும் உண்டு. ஆனால், பேச்சு வழக்கில் நாம் பழங்குடிகளை ‘மலைவாழ் மக்கள்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். நீலகிரி இருளருக்கு மலை உண்டு, தனி மொழியும் உண்டு. செங்கல்பட்டுச் சமவெளி இருளர் பேசுவது நம் தமிழ்தான். கண்ணுக்கெட்டும் மலை என்றால் வண்டலூர்க் குன்றுதான்! மலையும் இல்லை, வேறு மொழியும் இல்லை என்றால் எப்படி நம்புவது?

மற்றவர்களின் சாதிச் சான்றிதழ் வட்ட அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடியினருக்கு 1989 முதல் கோட்டாட்சியர்தான் விசாரித்துத் தரவேண்டும். இந்தப் பகுதியினருக்குத் தாம்பரம் கோட்டம். போலிச் சான்றிதழ்கள் புழங்கியதால்தான் விசாரணை இறுகியது, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் அப்பாவின் சான்றிதழைக் கேட்டால் எங்கே போவது? அப்பா அரிசி ஆலையிலோ செங்கல் சூளையிலோ முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவராக இருக்கலாம். அந்த ஒரு தாள் இல்லையென்றால் கல்வி உதவித்தொகை இல்லை, பழங்குடியினருக்கான ஒரு சதவிகித இட ஒதுக்கீடும் இல்லை.

இத்தனைக்கும் இவர்கள் உலகம் தேடி வரும் ஒரு வித்தைக்குச் சொந்தக்காரர்கள். தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில்தான் 1969-ல் ராமுலஸ் விட்டேகர் தன் பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். (அது கிண்டிக்கு இடம் மாறியது 1972-ல்.) பாம்புகளைப் பற்றி அவர் நிறையக் கற்றது இருளர்களிடம்தான். அப்போது அவர்களுக்குப் பாம்புத் தோல் வியாபாரம்தான் பிழைப்பு. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டமும் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. பாம்பைக் கொல்லாமலே பிழைக்க 1978-ல் உருவானது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கு வகை மட்டும். வரப்பில் பதிந்த தடத்தையும் உரிந்த சட்டையையும் பார்த்து வளையைத் தோண்டுவார்கள். கடப்பாரையும் துணிப்பையும்தான் கருவிகள். பிடித்த பாம்பை மண்பானையில் விட்டுத் துணியால் வாய் கட்டி வைப்பார்கள். வாரம் ஒருமுறை என மூன்று வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விட்டுவிடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படியானால், பிழைத்தவர்கள் எத்தனை பேர் இந்தக் கைகளுக்குக் கடன்பட்டவர்கள்!

2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்ட வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் இந்தச் சங்கத்து ஆட்கள்தான். இரண்டே வாரத்துக்குள் 13 பாம்புகள் சிக்கின. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால், சங்கம் இவர்களுடையது என்றாலும் எந்த வகையில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை முடிவுசெய்வது வனத்துறை. அந்த அனுமதி தாமதமான காலங்களில் பானைகள் காலியாகவே கிடந்திருக்கின்றன. பாம்பு கிடைத்த வயல்களோ தாம்பரத்தைச் சுற்றி வீட்டு மனைகளாகிவிட்டன.

தங்கள் குறையைச் சட்டசபையில் சொல்லலாம் என்றால், 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டுதான்: ஏற்காடு, சேந்தமங்கலம். ஒன்றில் சேர்வராயன் மலை, மற்றொன்றில் கொல்லி மலை. கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டு பெசா சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழகத்தில் அப்படியொரு பகுதியே அறிவிக்கப்படவில்லை.

‘ஜெய் பீம்’ படம் வந்த 2021 தீபாவளி நேரத்தில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் நேரில் வந்து, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். மாசி மகத்துக்கு இருளர்கள் கூடும் கடற்கரை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.