குருத்தோலை வாடுவதற்குள்

மகாளய அமாவாசை மாலையில் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிவைத்த பொம்மைகளைப் பிரிக்கும்போதே வீட்டுக்குப் பண்டிகைக் களை வந்துவிடும். அன்று தொடங்கி, நவராத்திரி, தீபாவளி, திருக்கார்த்திகை என்று வாசலும் கூடமும் அலங்காரம் கேட்கும் காலம் இது. ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் என்று தனிப் பருவமாகவே வைத்தார்கள் நம் முன்னோர். குளிர் நாடுகளில் இலை பழுத்து உதிரும் இதே வாரங்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை இறங்கி, காய்ந்த மண்ணெல்லாம் பச்சை கட்டுகிறது. இந்தப் பருவத்து அலங்காரத்துக்கு வேண்டியவை தோட்டத்திலும் அஞ்சறைப் பெட்டியிலும் பழைய புடவை மடிப்பிலும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டியது மிகக் குறைவு.

அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பூங்கா

கொலுப்படிக்கு முன்னால் பூங்கா வைக்க பிளாஸ்டிக் புல்விரிப்பு எதற்கு? கேழ்வரகு, கடுகு, வெந்தயம் மூன்றும் போதும். அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்பு, ராத்திரியே கேழ்வரகையும் வெந்தயத்தையும் ஊறப்போடுங்கள். கடுகுக்கு அது தேவையில்லை. தட்டையான மண்சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சலித்த மண்ணைப் பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கையால் தெளியுங்கள்; ஊற்றினால் விதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். கொலு வைக்கும் நாளில் கேழ்வரகு ஊசி ஊசியாக நிற்கும். ஆயுத பூஜைக்குள் பயிர் வளர்ந்து சாய்ந்தால் கத்தரியால் நறுக்கிவிடலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் முதலில் சட்டியிடம்தான் போவார்கள்.

பழைய புடவையின் மறுபிறவி

மரப்பாச்சித் தம்பதிக்கு வருடா வருடம் புது உடுப்பு வேண்டும். நைந்த பட்டுப்புடவையின் கரையில் ஒரு சாண் நறுக்கி, மேல் ஓரத்தில் நூலை ஓட்டி இழுத்தால் கொசுவம் தானாக விழும், அதுதான் பாவாடை. மீந்த சரிகைத் துண்டு தலைப்பாகை. புடவையின் உடல் கிழிந்திருந்தாலும் முந்தானை பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். அதைத் திண்டு உறையாகத் தைத்தால் மழைநாளில் இருண்டு கிடக்கும் கூடத்துக்கு நிறம் வரும்.

உடுத்துவதிலும் இந்த மாதங்களுக்கென்று ஒரு கணக்கு உண்டு. கனத்த துணி கொடியில் இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. மதுரைச் சுங்குடி மெல்லிய பருத்தி. மின்விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடும். அரக்கு, மயில்நீலம் போன்ற ஆழ்ந்த நிறங்கள் மப்பான வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். கையால் கட்டிச் சாயமேற்றிய சுங்குடியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் சாயத்தில் முக்குவதற்கு முன் விரலால் கட்டிய ஒரு முடிச்சு.

கார்த்திகைக்கு ஒரு சின்னக் குறிப்பு. புது அகல்களை முதல் நாள் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி எடுங்கள். எண்ணெயைக் குடிக்காது. திரிக்குப் பழைய வேட்டித் துணியே போதும்.

மெதுவாகச் செய்தால் வராது

தோரணத்துக்காக, எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஓலை பின்னும் பெரியவர் ஒருவரிடம் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். வெண்ணெய் நிறத் தென்னங்குருத்தை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். வேண்டும்போது ஓர் ஓலையை மட்டும் உருவி, நகத்தால் ஈர்க்கைக் கிழித்தெடுத்தார். “வாடின ஓலை பேச்சைக் கேக்காதும்மா” என்றார். மடிப்பு, திருப்பு, நுழைப்பு என்று சில நொடிதான். ஒரு கிளி அவர் உள்ளங்கையில் உட்கார்ந்துவிட்டது.

எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் செய்து காட்டச் சொன்னேன். பாதியில் தடுமாறி, பிரித்து, மறுபடி தொடங்கி, மறுபடியும் தடுமாறினார். “மெதுவா செஞ்சா வராதும்மா, நீ பக்கத்துல உக்காந்து கூடவே மடி” என்றார். மதியத்துக்குள் நான் செய்த ஆறு கிளிகளில் ஒன்றுக்குத்தான் மூக்கு அமைந்தது. அவருடைய மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறார், பேரன் கல்லூரியில் படிக்கிறான். இருவரும் ஓலையைத் தொட்டதில்லை என்று ஓலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு இந்தக் கவலைதான். செய்பவருக்கே சொல்லத் தெரியாத இந்த வித்தையை எந்தப் புத்தகத்தில் எழுதி வைப்பது? காணொளியில் பார்த்தாலும் கை பழகாது. ஒரு தலைமுறை பக்கத்தில் உட்காரத் தவறினால் போதும், வித்தை முடிந்துபோகும். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் பொதிந்து, பனைமட்டைக்கு நடுவே கட்டி, கார்த்திகை இரவில் மாவளி சுற்றிய பிள்ளைகள் எத்தனை ஊரில் இருந்தார்கள்! தங்கள் வாணவேடிக்கையைத் தாங்களே செய்துகொண்டவர்கள் அவர்கள். இன்று எத்தனை பிள்ளைகளுக்குப் பனம்பூ எதுவென்று தெரியும்?

அந்த இடத்தை இப்போது கடைத் தோரணமும் ஒட்டுக் கோலமும் பிடித்துக்கொண்டன. கைவேலைப் பெட்டி என்றே விற்கிறார்கள். எல்லாம் அளந்து வெட்டி வந்துவிடுகிறது, பிள்ளைக்கு மிஞ்சுவது ஒட்டுவது மட்டும். அலங்காரத்துக்கான தெர்மோகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள். அப்படியும் பள்ளிச் செயல்திட்டத்திலும் கொலு மண்டபத்திலும் அது இன்னும் வெள்ளையாகப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது.

வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அலுப்பு உண்மையானது. அதனால்தான் இதைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்கிறேன். மாவிலைக் காம்பைக் கயிற்றின்மேல் மடித்து ஈர்க்குக் குச்சியால் குத்தினால் தோரணம். வாழைநாரை நனைத்துக்கொண்டால் கயிறும் வாங்க வேண்டாம். அப்பாவும் பிள்ளைகளும் உட்கார்ந்தால் வாசல் நிறையக் கட்ட அரை மணி நேரம் ஆகும்.

உங்கள் ஊரிலும் ஓலை பின்னும் ஒரு பெரியவர் இருப்பார். இந்த நவராத்திரியில் ஒரு விடுமுறை நாள் காலையில் அவரை வீட்டுக்கு அழையுங்கள். ஒருநாள் கூலியை முழுதாகக் கொடுங்கள். தெருப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கு ஓர் ஓலை கையில் கொடுங்கள். கிளிகள் கோணலாக வரட்டும், அவற்றையே வாசலில் கட்டுங்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான் பார்த்த பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.