திரையில் ஒரு நெல்லை, தரையில் ஒரு நெல்லை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இந்தக் காலத்தில் இவ்விரண்டு சோதனைகளுக்கும் முன்னால் மற்றொன்று வந்து சேர்ந்திருக்கிறது. தொலைக்காட்சியில் மனையைப் பார்ப்பதுதான் அது!

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பெட்டியைத் திறந்தால், தொடர் நாடகங்களில் கண்ணீர் வடித்துப் பழகிய நடிகர் ஒருவர் புன்னகையுடன் தோன்றுகிறார். வண்ணக் கொடிகள் பறக்கும் வெட்டவெளியில் நின்றுகொண்டு, "பஸ் நிலையம் ஐந்து நிமிஷம், கல்லூரி பத்து நிமிஷம்" என்கிறார். அந்த நிமிஷங்களைக் கணக்கிட்டவர் எந்த வாகனத்தில், எந்த ஜாமத்தில் பிரயாணம் செய்தாரோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

இந்த வித்தை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டு முதல் 'ஹவுஸ் ஹண்டர்ஸ்' என்னும் நிகழ்ச்சி நடந்து வருகிறது. ஒரு குடும்பம் மூன்று வீடுகளைப் பார்த்து, யோசித்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகக் காட்டுவார்கள். அதில் பங்கு பெற்ற ஒருவர், தாம் முன்னரே வாங்கிவிட்ட வீட்டைத்தான் தேடுவதுபோல் நடித்ததாக 2012-இல் வெளியிட்டார். மற்ற இரண்டும் விற்பனைக்கே வராத, சிநேகிதர்களுடைய வீடுகளாம்! வேடிக்கைக்காகப் பார்ப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. ஆயுள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவரின் கதி வேறு.

திருநெல்வேலியைத் திரையில் காட்ட வேண்டுமானால் நெல்லையப்பர் கோபுரம், இருட்டுக்கடை அல்வா, பச்சை வயல், சலசலக்கும் தாமிரபரணி ஆகிய நான்கும் போதும் என்று எண்ணுகிறார்கள். நான்கும் மெய்தான். ஆனால் இந்த ஊரில் குடியிருக்கப் போகிறவர் முதலில் அறிய வேண்டிய விஷயம் இவற்றுள் ஒன்றுமில்லை. எந்த நிலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், எந்த வழியாக அது ஓடும் என்பதே அது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் இந்நதியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து கால்வாய்கள்; கால்வாய்களிலிருந்து குளங்கள்; ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியே அடுத்த குளம். சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் நகரத்தின் நயினார்குளம் வரை வருகிறது. இன்றைய புதிய பஸ் நிலையம் இருக்கும் இடத்தின் பெயரோ வேய்ந்தான்குளம். பெயரிலே குளம் இருக்கிறது; மனை வாங்குகிறவர்களுக்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இந்தப் பழைய வரைபடத்தை மறுபடியும் எழுதிக் காட்டிற்று. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லைச் சந்திப்பு, மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டை முதலிய இடங்களில் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பிரயாணிகள் வெளியேற வழியின்றித் தவித்தார்கள். 1992 நவம்பரிலும் பெருவெள்ளம் வந்ததை முதியோர் மறக்கவில்லை. விளம்பரப் படங்களிலோ வானம் எப்பொழுதும் நீலமாகவே இருக்கிறது.

நம் முன்னோர் நதியின் குணத்தை அறிந்து நடந்தார்கள். ஆற்றுக்குள்ளேயே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தைப் பிளந்து விடும்படி ஓடத்தின் முனைபோல் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்ஸவர் மேலைக் கோயிலுக்கு எழுந்தருளுவார். சுவாமியே வெள்ளத்துக்கு வழிவிட்டு விலகும் ஊரில், மனிதர் குளத்தின் நடுவே கொடி நட்டு மனை விற்பது என்ன துணிச்சல்! இதே நதிக்குக் குறுக்கே, 1843-இல், சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டிக் கொடுத்தார். அவர் பொதுஜனங்கள் அக்கரை சேர வேண்டுமென்று தம் பணத்தைத் தண்ணீரில் போட்டார். இப்போது சிலர் பொதுஜனங்களின் பணத்தைத் தண்ணீரில் போடுகிறார்கள்.

ஆகவே, மனை பார்க்கச் செல்லும் நேயர்கள் சித்திரை வெயிலில் ஒரு முறை சென்றால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மற்றொரு முறை அவசியம் செல்ல வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று இவற்றோடு நின்றுவிடாமல், நிலம் நீர்நிலைப் புறம்போக்கா, ஓடையா என்பதை அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் சரிபார்க்க வேண்டும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண் விளம்பரத்தில் இடம்பெற வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டமடைந்தவர் ஈடு கோரவும், விலகிக்கொள்வதானால் பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறவும் அதன் 12-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

குளம் ஒருவருடைய சொத்தல்ல. அது தேசத்தின் சொத்து. அதைத் துண்டு போட்டு விற்பவருக்கு அடுத்த படியில் நிற்பவர், விசாரியாமல் வாங்குகிறவரே. நடிகர் சொல்லும் நிமிஷக் கணக்கைக் கேட்பதற்கு முன், அவ்வூர் விவசாயி ஒருவரிடம் தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசுகிறவர் அல்லர்.